வெள்ளைச் சுவரும் வர்ணக் கரையும்

"வீட்டைச் சிங்காரிப்பது பணக்காரர் வேலை, வயிற்றுக்கு உழைப்பவனுக்குச் சுவரிலே பூ எதற்கு?" என்று கேட்பவர் நம்மிடையே பலர் உளர். சிக்கனத்தைப் போதிக்கும் நண்பர்கள் இக் கேள்வியை நல்லெண்ணத்தோடேயே கேட்கின்றனர். ஆயினும், வீடுகளின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்பின், சுவரிலே ஏறும் நிறம் செலவை மட்டும் பொறுத்த விஷயமாக என்றுமே இருந்ததில்லை என்பது புலனாகும். இன்னார் வீட்டில் இன்ன நிறம் இருக்கலாம், இன்னார் வீட்டில் எதுவும் இருக்கலாகாது என்று கட்டுப்பாடு செய்த காலங்கள் உண்டு. ஆகவே வீட்டு வர்ணத்தின் சரித்திரம் அழகின் சரித்திரமாக இருப்பதோடு, மனித உரிமையின் சரித்திரமாகவும் இருக்கின்றது. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் அழகைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நெசவாளர் நெடுங்காலமாக அறிந்துள்ள ஓர் உண்மை உண்டு. புடவைக்கு உடல் ஒரு நிறம். கரை மற்றொரு நிறம். வேட்டியோ முழுவதும் வெள்ளை. விளிம்பிலே ஒரு விரற்கடை அகலத்துக்குச் சிவப்போ பச்சையோ ஓடும். அக் கரை வேட்டி முழுவதும் பரவினால் கண் கூசும். கரையே இல்லையெனில் வேட்டி வெறிச்சென்றிருக்கும். பரந்த வெறுமையிலே சிறிதளவு நிறம் என்பதே அதன் இரகசியம். இதே முறையை நம் வீட்டுப் பெண்டிர் வாசலிலும் கையாண்டனர். சாணமிட்டு மெழுகிய தரையிலே அரிசி மாவால் வெண்கோலமிட்டு, அதனைச் சுற்றிச் செம்மண் காவியால் ஒரு பட்டை தீட்டும் வழக்கத்தை அறியாத தமிழர் யார்? வெள்ளைக்கு அக் காவியே கரை. பள்ளிக்கூடம் சென்றறியாத பாட்டிமார் இந்த அளவறிவைக் கையிலே வைத்திருந்தனர்.

இவ்வாறு அளவறிந்த நாட்டிலே, அந்த அழகு எல்லோருக்கும் கிட்டியதா? இல்லை என்று கல்லே சொல்லுகின்றது. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலிலே ஒரு சாசனம் உண்டு. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் பூண்ட அரசன் ஒருவன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குத் தன் 15ஆம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல் சில உரிமைகளை வழங்கியதை அது தெரிவிக்கின்றது. அவர்கள் தங்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக் கொள்ளலாம். பேரிகை கொட்டிக் கொள்ளலாம். வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து இட்டுக் கொள்ளலாம். அன்பர்கள் இக் கடைசி உரிமையைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். கம்மாளர் என்போர் யாவர்? கல் தச்சர், மரத் தச்சர், கொல்லர், கன்னார், தட்டார் ஆகியோர். கோயிலைச் செதுக்கியவர்கள், மாளிகைக்கு நிலை செய்தவர்கள். பிறர் சுவரை அழகு செய்யும் கைகளையுடைய அம் மக்கள் தம் சொந்தச் சுவரிலே சாந்து பூசிக் கொள்ள அரசன் ஆணை வேண்டியிருந்தது! ஆணை பிறந்தது என்பதிலிருந்தே, அதற்கு முன் அவ்வுரிமை அவர்களுக்கு இல்லை என்பது வெளிப்படை.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்க ஜாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி இந்திய ஜாதி முறை பற்றித் தாம் எழுதி 1946இல் வெளிவந்த நூலிலே அவற்றைப் பதிந்துள்ளார். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆடவர் சட்டை போடலாகாது. பெண்கள் பூச்சூடலாகாது, மஞ்சள் பூசலாகாது. வீட்டிலே மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கலாகாது என்பன அவற்றுட் சில. மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் உடைமையும் அழிக்கப்பட்டன. மஞ்சள் நிறமும், பூவின் நிறமும், பித்தளைக் குடத்தின் ஒளியும் ஒரு குடிசைக்குள் நுழைவதைக் கண்டு ஆத்திரப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறத்தலாகாது. நிறம் அற்பப் பொருளாயின் அதனை இத்துணைக் கொடுமையோடு தடுப்பானேன்? ஒருவன் தன் வீட்டை அழகு செய்து கொள்ளும்போது தன்னை மதிக்கத் தொடங்குகின்றான். தடை செய்தோர் அஞ்சியது அந்த மதிப்பையே.

இனி மேல்நாட்டின் பக்கம் திரும்புவோம். அங்கும் வேலைப்பாடமைந்த சுவரும் தரையும் நெடுங்காலம் பிரபுக்களுக்கும் மடாலயங்களுக்குமே உரியனவாக இருந்தன. இயந்திரம் வந்துதான் அந் நிலையை மாற்றிற்று. 1830ஆம் ஆண்டு சாமுவேல் ரைட் என்பார் பல நிறக் களிமண்ணைப் பதித்துத் தரை ஓடு செய்யும் முறைக்கு இங்கிலாந்திலே உரிமைப் பத்திரம் பெற்றார். 1840இல் ரிச்சர்ட் பிராசர் என்பார், ஈரமற்ற களிமண் பொடியை இயந்திரத்தால் அழுத்திப் பொத்தான் செய்யும் வழியொன்றைக் கண்டார். ஸ்டோக் நகரிலே பீங்கான் தொழில் நடத்திய ஹெர்பர்ட் மிண்டன் இவ்விரு முறைகளிலும் பங்கு பெற்று, ஓடு செய்வதற்கு அவற்றைப் பயன்படுத்தினார். ஈரக் களிமண் உலர உலரக் கோணிப் போகும். பொடியை அழுத்திச் செய்த ஓடோ அளவு பிசகாமல் வரும். ஓர் ஓட்டில் தொடங்கிய கொடி அடுத்த ஓட்டிலே தொடர வேண்டுமாயின் அளவு பிசகாமை இன்றியமையாதது. ஆறு அங்குலச் சதுரத்திலே ஆயிரமாயிரமாக வார்த்தெடுத்த அவ்வோடுகள் நடுத்தர மக்களின் வீடுகளுக்கும் வந்தன.

ஆயினும் மலிந்த நிறத்திற்கு மறைந்த விலையொன்றும் இருந்தது. 1775இல் ஷீலே என்னும் ரசாயன அறிஞர் கண்ட பச்சையும், 1814இல் அதனினும் ஒளிமிக்கதாய் வந்த மற்றொரு பச்சையும் பாஷாணம் கலந்தவை. சுவரில் ஒட்டும் பூக்காகிதங்களிலே அப் பச்சை தாராளமாகச் சேர்க்கப்பட்டது. அக் காகிதம் ஒட்டிய அறைகளில் உறங்கியோர் நோயுற்றதாக முறையீடுகள் எழுந்தன. 1861ஆம் ஆண்டு இலண்டனிலே, செயற்கைப் பூக்களுக்கு அப் பச்சைப் பொடியைத் தூவும் வேலை செய்து வந்த 19 வயதுப் பெண்ணொருத்தி அந் நஞ்சினாலேயே மாண்டாள். சீமாட்டியின் கூந்தலிலே பூவாகவும், சுவரிலே இலையாகவும் திகழ்ந்த நிறம் ஓர் ஏழைத் தொழிலாளியின் உயிரைக் குடித்தது. நிறத்தைப் போற்றுவோர் அதனைச் செய்யும் கைகளையும் நினைத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மலாயா நாட்டின் வெக்கையிலும் ஈரத்திலும் காகிதம் சுவரிலே நிலைக்காது. பூஞ்சணம் பூக்கும், கறையான் அரிக்கும். மெருகேற்றிய பீங்கான் ஓட்டுக்கோ மழையும் இல்லை, பூச்சியும் இல்லை. ஆகவே சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஆகிய ஊர்களின் கடைவீடுகளிலே காகிதம் பெறாத இடத்தை ஓடு பெற்றது. சிங்கப்பூரிலே 1822ஆம் ஆண்டு ராபிள்ஸ் நகர அமைப்பிற்கு விதி செய்தபோது, தெருவின் இருபுறமும் வீடுகளின் முன்னே இடைவிடாது செல்லும் கூரையிட்ட தாழ்வாரம் இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டார். மலாய்க்காரர் 'காக்கி லீமா' என்றும், நாம் ஐந்தடிப் பாதை என்றும் கூறுவது அதனையே. வீடு தனியாருடையது, அதன் முன்தாழ்வாரமோ போவோர் வருவோர் அனைவருக்கும் பொது. அங்கேதான், சன்னலுக்குக் கீழே இடுப்பளவு உயரத்திற்கு, பூ ஓடுகளைப் பதித்தனர்.

ஏன் அவ்விடத்தில் மட்டும்? இதற்கு இரண்டு காரணங்களைக் காண்கின்றோம். மழைச்சாரல் தெறிப்பதும், நடப்போர் தோளும் கூடையும் உராய்வதும் சுவரின் கீழ்ப்பகுதியிலேதான். சுண்ணாம்புப் பூச்சு முதலில் உதிர்வதும் அங்கேதான். மற்றொன்று, கடல் கடந்து வந்த ஓடு விலையுயர்ந்தது. சுவர் முழுவதும் பதிக்கச் செல்வர்க்கும் மனம் வாராது. இவ்வாறு பயனும் சிக்கனமும் கூடி ஓர் அழகைப் பிறப்பித்தன. மேலே வெறுஞ்சுவர், கீழே ரோஜாவும் பியோனியும் பூத்த ஓர் அடர்ந்த பட்டை. வேட்டிக்குக் கரைபோலச் சுவருக்கும் கரை! சிங்கப்பூரில் கூன் செங் சாலையிலும் பெட்டேன் சாலையிலும் நிற்கும் வீடுகளை இன்றும் சென்று காண்போர் இவ்வுண்மையைக் கண்ணாரக் காணலாம். பாபா, நோன்யா எனப்படும் சீன மரபினர் இவ்வோடுகளை விரும்பி வாங்கினர். ஆங்கிலேயன் செய்த ஓட்டிலே சீனர் தம் மங்கலப் பூவைக் கண்டனர்; மலாய்ப் பெயருடைய பாதையிலே அதனைப் பதித்தனர்; அவ்வழியே தமிழரும் நடந்தனர். இந் நாட்டின் இயல்பே அதுவன்றோ!

1914இல் மூண்ட முதல் உலகப் போர் ஐரோப்பியச் சரக்கைத் தடுத்தபோது ஜப்பானியர் அவ்விடத்தைப் பிடித்துக் கொண்டனர். ஆங்கில ஓடுகளைப் பார்த்துப் பழகிய அவர்கள் குறைந்த விலைக்கு அதே வடிவங்களை வார்த்தனுப்பினர். வாங்குவோர் மனமறிந்து வார்ப்பதிலும் அவர்கள் வல்லவர்களாயிருந்தனர். இந்தியாவிற்கென்று இலக்குமி, சரசுவதி, கிருஷ்ணன் உருவங்களைப் பதித்த ஓடுகளும் ஜப்பானிலிருந்தே கப்பலேறின. நம் தெய்வத்தின் உருவத்தையும் அயல்நாட்டுச் சூளையிலிருந்து வாங்கும் நிலையை எண்ணிச் சிலர் நாணினர் போலும். 1922ஆம் ஆண்டு பம்பாயிலே 'பாரத்' என்னும் பெயரோடு தரைக்கல் தொழிற்சாலையொன்று சுதேசிய உணர்ச்சியால் தொடங்கப்பட்டது. சூளையே வேண்டாது சிமெண்டையும் நிறப்பொடியையும் கொண்டு செய்யும் கல் அது.

அத்தகைய சிமெண்டுக் கல்லுக்குத் தமிழ்நாட்டிலே புகழ் தந்த ஊர் காரைக்குடிக்கு அருகேயுள்ள ஆத்தங்குடி. முன்னே சொன்ன அதே இராமநாதபுரம் ஜில்லாவில் அன்று அடங்கியிருந்த செட்டிநாட்டிலே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940ஆம் ஆண்டுகள் வரை நகரத்தார் பெருமனைகளை எழுப்பினர். பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளிலே லேவாதேவி செய்து ஈட்டிய பொருள் அங்கே சுவராயிற்று. பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. ஐரோப்பாவிலிருந்தும் பின்னர் ஜப்பானிலிருந்தும் பூ ஓடுகள் வந்தன. அம் மனைகளிலும் நிறம் கண்டபடி வாரி இறைக்கப்படவில்லை. சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கடுக்காய் முதலியன சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த சுவர் பால்போல் வெண்மையாய்க் குளிர்ந்திருக்கும். முகப்பின் தரையிலும், சுவரின் அடிப்பட்டையிலும், நிலைக்கு மேலேயும், விதானத்திலுமே நிறம் நிற்கும். செல்வம் மிகுந்தவிடத்தும் உடலும் கரையும் என்ற அளவை அக் கொத்தனார்கள் கைவிடவில்லை.

ஆத்தங்குடிக் கல் செய்யும் முறை எளிது. ஆயினும் கை தேர்ந்தவருக்கே வரும். வழவழப்பான கண்ணாடித் தட்டின்மீது இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள்ளே பூவின் கோடுகளாக வளைத்த தகட்டு அச்சினை வைப்பர். ஒவ்வொரு கண்ணறையிலும் அதற்குரிய நிறச் சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் வார்ப்பர். பிறகு அச்சினைக் கை நடுங்காமல் மேலே தூக்குவர். இந்தக் கணத்திலே கை சிறிது அசைந்தாலும் சிவப்பு மஞ்சளோடு கலந்து கல் கெட்டுவிடும். அதன்மேல் அவ்வூர் மணலும் சிமெண்டும் கலந்த உலர்பொடியைத் தூவி, மேலே ஈரக் கலவையை இட்டு மட்டம் செய்வர். உலர்ந்தபின் சில நாள் நீரிலே ஊறப் போட்டுப் பிறகு காய வைப்பர். கண்ணாடியைப் பிரித்தெடுக்கும்போது அதன் வழவழப்பெல்லாம் கல்லின் முகத்திலே ஏறியிருக்கும். நெருப்புமில்லை, பெரிய இயந்திரமுமில்லை. நடக்க நடக்க மெருகேறும் என்று வீட்டார் கூறுவர்.

இதே காலத்திலே மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலே நம் மக்கள் வேறொரு வகை வீட்டிலே வாழ்ந்தனர். ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசையாய் நின்ற லயத்து வீடுகள் அவை. ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் இடையே பலகைச் சுவர். வெளியே தோட்ட நிர்வாகம் அடிக்கச் செய்த சுண்ணாம்பு வெள்ளை. அவ்வீடு குடியிருப்பவனுடையது அன்று. வேலை போனால் வீடும் போகும். அத்தகைய வீட்டுச் சுவரிலே ஆணியடிக்கவும் மனம் எழுமா? ஆயினும் அம் மக்கள் வெறுஞ்சுவரோடு வாழ இசையவில்லை. கடைக்காரர் தந்த நாட்காட்டிப் படத்தை மாட்டினர், பலகைச் சந்துகளைப் பத்திரிகைத் தாளால் ஒட்டி அடைத்தனர், சன்னலிலே பழைய புடவைத் துண்டைத் திரையாகக் கட்டினர், வாசலிலே கோலமிட்டனர். வரிசை முழுவதும் ஒன்றுபோல் இருக்க, "இது என் வீடு" என்று குழந்தைக்கு அடையாளம் காட்டியது அந்தத் திரைத்துணியின் நிறமே. செட்டிநாட்டு முகப்பின் ஜப்பானிய ஓட்டையும் லயத்து வீட்டுப் புடவைத் திரையையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். விலையிலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. வேட்கையிலோ வேற்றுமை இல்லை. இன்னும் சொல்லப்போனால், ஊரிலே மஞ்சளும் பித்தளையும் மறுக்கப்பட்ட மக்களுட் பலர் கடல் கடந்து இங்கே வந்தவர்கள். எவரும் தடுக்காத ஒரு துண்டு நிறம் அவர்களுக்கு எத்துணைப் பெரிதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1942ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் கைப்பட்டது. அதன்பின் சுதந்தர பர்மாவின் சட்டங்களும் சேர்ந்து நகரத்தாரின் பொருளை விழுங்கின. ஊர்தோறும் பெருமனைகள் பூட்டிக் கிடந்தன. பல மனைகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் ஓடும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்குச் சென்றன. சிங்கப்பூரில் 1947இல் பிறந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் சிறு வாடகையே கிடைத்தபடியால், கடைவீடுகளைப் பழுதுபார்க்க உடையவர்களுக்கு ஊக்கம் இல்லாது போயிற்று. பின்னர் நகரைப் புதுப்பிக்கும் பணியிலே வீடுகள் இடிக்கப்பட்டபோது, பூ ஓடுகளும் குப்பையோடு சென்றன. விழித்துக் கொண்டவர் சிலர் அவற்றைப் பொறுக்கி வைத்தனர். 1989ஆம் ஆண்டு சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் பாதுகாக்கத்தக்கனவாக அறிவிக்கப்பட்டன. 2008இல் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் உலக மரபுச் சின்னங்களாயின. செட்டிநாட்டு ஊர்கள் 2014ஆம் ஆண்டு அத்தகைய சிறப்பிற்குரிய உத்தேசப் பட்டியலிலே இடம் பெற்றன. ஒரு தலைமுறை வெறும் ஓடென்று எறிந்ததை அடுத்த தலைமுறை செல்வமென்று கொண்டாடுகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? இன்று நம்மவரிற் பெரும்பாலோர் லயத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் வந்துவிட்டனர். பலர்க்குச் சொந்தச் சுவர் உண்டு. அச் சுவரை அழகு செய்யுங்கள் என்றே நாம் சொல்வோம். ஆயின் கடன் பட்டு அழகு செய்தல் வேண்டாம். சுவருக்கு வாங்கிய கடன் வீட்டையே விழுங்கிய கதைகள் நம் சமூகத்திலே குறைவல்ல. நான்கு சுவருக்கும் நான்கு நிறம் அடித்து, திரையிலே ஒரு பூவும் மெத்தையிலே வேறொரு பூவும் தரையிலே மற்றொரு பூவும் போட்டிபோட விடுதலும் வேண்டாம். அடக்கமான ஒரு நிறத்தை உடலாகக் கொண்டு, கண் முதலில் படும் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கே மட்டும் நிறைந்த நிறத்தையோ பூ வேலையையோ வைப்பது போதும். அது ஒரு சுவராக இருக்கலாம். தரையிலே ஒரு பட்டையாக இருக்கலாம். சன்னலிலே ஒரு கைத்தறித் துணியாகவும் இருக்கலாம். காவியிட்ட பாட்டியும் ஐந்தடிப் பாதைக் கொத்தனாரும் கற்பித்த பாடம் இது. சிக்கனமும் அழகும் பகையென்று எண்ணுவோர்க்கு இதுவே விடை.

மற்றொரு பாடமும் உண்டு. அது முன்னதினும் பெரிது. வர்ணம் அடிக்கும் தொழிலாளியும், தரைக்கல் பதிக்கும் தொழிலாளியும் எங்கே உறங்குகின்றனர் என்று நாம் கேட்க வேண்டும். கருவூர்ச் சாசனத்தின் கம்மாளர்க்கு அரசன் ஆணை வேண்டியிருந்தது. இன்று மாடிகளை எழுப்பும் அயல்நாட்டுத் தொழிலாளர், அவருள் நம் தமிழ்ச் சகோதரரும் பலர், தாம் தங்கும் விடுதியின் சுவரிலே தம் பிள்ளையின் படமொன்றை மாட்டிக் கொள்ள எவர் ஆணை வேண்டும்? பிறர் வீட்டுக்குக் கரையிடும் கைகள் தம் வீட்டுக்கும் கரையிட்டுக் கொள்ளும் நாளே, இச் சரித்திரம் நல்ல முடிவை எய்தும் நாளாகும்.